சீவல் சந்து

வாகைமொழி என்கிற ஊரில் ஏழாவது வார்டும் எட்டாவது வார்டும் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கிடந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது எங்களுக்குத் தண்ணீர் இல்லை, அதற்குப் பதிலாகச் சண்டை இருந்தது. நகராட்சியின் தண்ணீர் வண்டி முதலில் ஏழில் நிற்க வேண்டுமா எட்டில் நிற்க வேண்டுமா என்று குடமும் கையுமாக நின்று கத்தி, கத்துகிற மும்முரத்தில் வண்டி வந்து நின்று ஆள் இல்லையென்று திரும்பிப் போனதைக்கூடக் கவனிக்காமல் கத்திய நாட்கள் உண்டு. அந்தக் காலத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து கம்ப்யூட்டர் பிள்ளைகள் எங்கள் ஊருக்கு வந்து இறங்கினார்கள்.

அவர்கள் படித்தது புவியியல். அதிலும் தெரு, குளம், குழாய், வீடு என்று தரையில் இருப்பதையெல்லாம் வரைபடமாகக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்து, ஊரில் எங்கே என்ன குறை என்று கண்டுபிடிக்கிற படிப்பு, ஜி.ஐ.எஸ். என்றார்கள். எந்த வீட்டுப் பெண் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்பதை வரைபடமாகப் போட்டுவிட்டால், புதுக் குழாயை எந்த வழியாகக் கொண்டுபோக வேண்டும் என்று தானே தெரிந்துவிடும் என்று அவர்களுடைய பேராசிரியை சற்குணவதி மேடம் நகராட்சியில் போய்ச் சொன்னார். ஆணையரும், மேப் வரட்டும், பின்னாடியே பைப் வரும் என்று ஒரே வரியில் ஒத்துக்கொண்டார். தண்ணீர் வருவதற்கு மேகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாங்கள் இந்தப் பிள்ளைகளைப் பார்க்க ஆரம்பித்தது அப்படித்தான்.

பிள்ளைகளில் இரண்டு பேர்தான் எங்கள் வார்டுகளுக்கு. ஒருத்தி இசக்கி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண், வேகமாக நடப்பாள், அதைவிட வேகமாகப் பேசுவாள், பொறுமை மட்டும் கொஞ்சம் மட்டு. இன்னொருவன் பெனிட்டோ, தூத்துக்குடிக் கடற்கரைப் பையன், ஜி.பி.எஸ். கருவியைக் கையில் ஏந்திக்கொண்டு தெருவுக்குத் தெரு வெயிலில் அசையாமல் நிற்பான், மேலே போகிற செயற்கைக்கோள் அவனைப் பார்த்து ஆமாம் நீ இங்கேதான் நிற்கிறாய் என்று சொல்லும்வரை. எங்கள் ஊர்ப் பெண்கள் அவனுக்குப் பாவம் பார்த்து மோர் கொடுத்தார்கள். தண்ணீர் இல்லாத ஊரில் மோர் எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கவில்லை, நல்ல பிள்ளை.

வீடு வீடாகக் கேட்டதையும் நின்று நின்று அளந்ததையும் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய் வரைகிற வேலை இசக்கியுடையது. வரைபடத்தில் ஒரு வார்டு என்பது ஒரு மூடிய உருவம். ஏழாவது வார்டை வரைந்து மூடிவிட்டு எட்டாவதை வரையும்போது, இரண்டுக்கும் பொதுவான எல்லையில் புதுக் கோடு பழைய கோட்டின் மேலேயே அட்டையாக ஒட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கென்று மென்பொருளில் ஒரு காந்தம் உண்டு, போட்டுவிட்டால் கிட்டத்தில் போனதுமே கோடு தானாகப் போய் ஒட்டும். வேண்டாத இடத்திலெல்லாம் ஒட்டுகிறதே என்ற எரிச்சலில் இசக்கி அந்தக் காந்தத்தை அணைத்து வைத்திருந்தாள். திரும்பப் போடலாம் என்று நினைத்த நேரத்தில் மெஸ்ஸில் வாழைக்காய் பஜ்ஜி என்று யாரோ சொல்ல, ஓடிப்போய்த் தின்றுவிட்டு, காந்தத்தைச் சுத்தமாக மறந்து, எண்ணெய்ப் பிசுக்குக் கையோடு எட்டாவது வார்டை வரைந்து முடித்தாள். திரையில் பார்த்தால் ஒரே கோடு. பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு கோடு, நடுவே மயிரிழை அகலத்துக்கு வெள்ளை. இந்தத் தப்பைச் செய்யாத மாணவர் அந்தப் படிப்பிலேயே கிடையாது என்கிறார்கள். அவள் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. சேமித்துவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

மறுநாள் காலை, ஏழாவது வார்டில் இருக்கும் பரமசிவம் அண்ணாச்சி பிரஷும் வாயுமாகக் கொல்லைப்புறம் போனபோது, எட்டாவது வார்டில் இருக்கும் தம்பி நெல்லையப்பன் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் பொதுவாக இருந்த சுவர் இரண்டு சுவராகியிருந்தது. நடுவில் ஒரு சந்து கிடந்தது. இடிபாடு இல்லை, விரிசல் இல்லை, ஒரு செங்கல் துண்டு இல்லை. இரண்டு பக்கமும் பூசி வெள்ளையடித்து, மழைக்கறைகூட ஆளுக்குப் பாதியாகப் பிரிந்திருந்தது. தம்பியும் அதே நேரத்தில் அந்தப் பக்கம் பிரஷோடு வந்து நின்றார்.

இருவரும் பேசிப் பல வருஷம். ஒரு கல்யாணப் பத்திரிகையில் யார் பெயரை முதலில் போடுவது என்று ஆரம்பித்து, உன் வாசலை மிதிக்கமாட்டேன் என்று இவரும், என் வாசலில் உன்னை நிற்க விடமாட்டேன் என்று அவரும் சபதம் போட்டுக்கொண்டவர்கள். அண்ணாச்சி சந்துக்குள் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, தம்பியைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்துக் கேட்டார்:

"இது யாரு இடம்?"

"என் இடமில்ல," என்று தம்பியும் ஆகாயத்திடமே சொன்னார்.

"என் இடமும் இல்ல."

"அப்ப இது வாசல் கணக்குல வராது."

"வராதுல்லா," என்றார் அண்ணாச்சி, இறங்கிச் சந்துக்குள் நின்றார், தம்பியும் இறங்கி நின்றார், வாயில் பேஸ்ட் நுரையோடு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, உனக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது, உனக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார்கள்.

பொழுது ஏறுவதற்குள் நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டோம். பள்ளிக்கூடக் காம்பவுண்டுக்குப் பின்னால் கூர்மையாகத் தொடங்கி, ஒருக்களித்துப் போகிற அளவுக்கு அகன்று, அண்ணன் தம்பி வீடுகளுக்கு நடுவே ஒரு கட்டிலைக் குறுக்கே போடலாம் என்கிற அளவுக்குப் பருத்து, பிறகு அரிசி மில் கிட்டங்கியை ஒட்டிச் சிறுத்துச் சிறுத்து, ஊருணிக் கரையில் போய் ஒன்றுமில்லாமல் முடிந்தது. மொத்தத்தில் வெண்டைக்காய் வடிவம். யாரும் வாயைப் பிளக்கவில்லை. வெயில் காலத்தில் நிழலாக ஒரு சந்து கிடைத்தால் அனுபவிப்பதை விட்டுவிட்டு ஆராய்ச்சியா பண்ணுவார்கள்.

உள்ளே போனபிறகுதான் அதன் குணம் தெரிந்தது. சந்துக்குள் செல்போன் அடிக்காது. வெளியே காலை வைத்தால் விட்டுப்போன அத்தனை அழைப்பும் வந்து விழும். ஏழாவது வார்டு அம்மன் கோவில் மைக்செட் சத்தம் சந்து வரை வந்து நின்றுகொண்டது, எட்டாவது வார்டு மாதா கோவில் சத்தமும் மறுபக்கம் நின்றுகொண்டது. ஏழாவது வார்டுக் கொசு எட்டுக்குப் போகவில்லை, எட்டாவது வார்டுக் கொசு ஏழுக்கு வரவில்லை, நடுவில் கடிப்பதற்கு எதற்கும் அதிகாரம் இருக்கவில்லை. குப்பை வண்டிக்காரர், இது நம்ம வார்டு இல்லையே என்று இரண்டு பக்கமும் சொன்னார், ஆனால் அங்கே குப்பையும் சேரவில்லை. நகராட்சியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் உள்ளே நின்று, கையில் இருந்த பழைய வரைபடத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு இடமே இல்லையே, இல்லாத இடத்துல நான் எப்படிங்க நிக்க முடியும்," என்று பதறிக்கொண்டு வெளியே குதித்தார்.

எனவே ஊர் அதை வைத்துக்கொண்டது. கூட்டுக்குடும்பத்தில் புதிதாகக் கல்யாணமான ஜோடிகள் மனம்விட்டுச் சண்டை போட அங்கே வந்தார்கள், மனம்விட்டுச் சமாதானம் ஆகவும் வந்தார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வந்தார்கள். அண்ணன் தம்பி இருவரும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இறங்கித் தாயம் விளையாடினார்கள். ஆட்டம் முடிந்து அவரவர் வாசலில் ஏறியதும் மறுபடி ஒருவரையொருவர் தெரியாதவர்கள் ஆனார்கள். மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கும் நாட்களில் நானும் அங்கே போய்ச் செய்தித்தாளை விளம்பரம் உட்பட வாசித்திருக்கிறேன்.

அங்கே குடியேறியவள் ஜெபமணி ஒருத்திதான். நாற்பது வயது தாண்டியவள், புருஷன் கை நீட்டுகிறான் என்று தையல் மிஷினை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவள். புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பாள், ஜாக்கெட் தைப்பாள், ஏழிலும் எட்டிலும் அவள் கைபடாத ஜாக்கெட் கிடையாது. ஆனால் வாடகைக்கு வீடு என்று கேட்டால் மட்டும் இரண்டு வார்டும் ஒற்றுமையாகிவிடும். கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். மிஷின் இருக்கிறது என்பாள். ஒற்றைப் பெண்ணுக்கு எப்படிக் கொடுப்பது, நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசினால் என்று அந்த நாலு பேருமே சொல்வார்கள். அவள் சித்தி மகன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில், மிஷினையும் தன்னையும் மடக்கி வைத்துக்கொண்டு கிடந்தாள். சந்து வந்ததும் ஒருநாள் போய்ப் பார்த்தாள். கேட்க வேண்டிய ஆள் யாரும் இல்லாத இடம் என்பதை எங்கள் எல்லோரையும்விடச் சீக்கிரமாகப் புரிந்துகொண்டவள் அவள்தான். சந்து பருத்த இடத்தில் தென்னங்கிடுகை மேலே போட்டு, மிஷினைக் கொண்டுவந்து வைத்து, நிமிர்ந்து நின்றாள்.

இரண்டு நாள் முணுமுணுத்தோம். பிறகு, இல்லாத இடத்தில் குடியிருக்கிறவளை எந்தச் சட்டத்தில் கிளப்புவது என்று தெரியாமல் விட்டுவிட்டோம். அவளும் சந்துக்கு வருகிறவர்களுக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். ஆனாலும் அது எங்கள் வாயில் சந்துதான். எங்கே போகிறாய் என்றால், சந்துக்கு. எங்கே தைக்கக் கொடுத்தாய் என்றால், சந்துல இருக்கிற பொம்பளைகிட்ட.

இரண்டாம் சுற்றுக் கணக்கெடுப்புக்கு இசக்கியும் பெனிட்டோவும் வந்தபோது இதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. ஜெபமணியிடம் போய், அக்கா தண்ணிக்கு எவ்வளவு தூரம் நடக்கீங்க என்று கேட்டு, பதிலைப் போனில் ஏற்றப் பார்த்தாள் இசக்கி. வார்டு எண் தானாக வந்து விழ வேண்டிய இடம் காலியாக நின்றது. பெனிட்டோ ஜி.பி.எஸ்.ஸைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று பார்த்தான். செயற்கைக்கோள் அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. இசக்கி வெளியே போய் டீக்கடைப் பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவிலிருந்த கோட்டைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள், வெள்ளையாக ஒரு வெண்டைக்காய் திரை முழுக்க வந்து கிடந்தது.

"லே பெனிட்டோ," என்றாள், முகம் வெளுத்து. "இது நான் போட்ட தப்புலே. சீவல் விட்டுட்டேன்."

இப்படி இரண்டு உருவங்களுக்கு நடுவே தெரியாமல் விட்டுப்போகும் மெல்லிசான வெள்ளைக்கு அவர்கள் படிப்பில் ஒரு பெயர் இருக்கிறது, இசக்கி அதைப் பாக்குச் சீவல் மாதிரி இருக்கிறதென்று சீவல் என்றுதான் சொல்வாள். டீக்கடையில் பத்துப்பேர் கேட்டுக்கொண்டிருந்ததால், டீ ஆறுவதற்குள் சீவல் சந்து என்ற பெயர் ஊர் முழுக்கப் பரவியது.

"ஏட்டி, உன் தப்பு இவ்வளவு அழகா இருக்கே," என்றான் பெனிட்டோ.

பரவியது பெயர் மட்டுமல்ல. மறுநாளே டீக்கடையில் இசக்கிக்கு முன்னால் கூட்டம். ஒருவருக்குத் தன் வீட்டு எல்லையை மேற்கே இரண்டடி தள்ள வேண்டும், இன்னொருவருக்கு மாட்டுத்தொழுவம் நிற்கிற அளவுக்கு ஒரு சீவல் வேண்டும், கவுன்சிலர் ஒருவருக்குத் தன் வீட்டு முன்னால் தெரு கொஞ்சம் அகலமானால் கார் திருப்ப வசதி. அவள் மாட்டேன் என்றும் சொல்லிப் பார்த்தாள், கடைசியில் அவர்கள் கண்முன்னாலேயே கோட்டை இழுத்தும் காட்டினாள். ஒரு பிடி மண்கூட நகரவில்லை. வேண்டுமென்று வரைந்த எதையும் தரை மதிக்கவில்லை, பஜ்ஜி தின்ற கையால் தெரியாமல் விட்ட இடைவெளியை மட்டும்தான் மதித்திருந்தது. இந்தப் பிள்ளைக்குத் தப்பு மட்டும்தான் பலிக்கும் போல என்று சொல்லிக்கொண்டு கூட்டம் கலைந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கடைசியில் அழுகைதான் மிஞ்சியது. ஏனென்றால் வரைபடம் முழுவதையும் ஒப்படைப்பதற்கு முன்னால் தப்பு பார்க்கிற சோதனை ஒன்று உண்டு; அதை ஓட்டியபோது ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் சிவப்பாக ஒரு கொடி முளைத்தது. மேடம் போனில் சொன்னார்.

"ஒரேயொரு இடைவெளி காட்டுது இசக்கி. இதை வச்சுக்கிட்டு பைப்லைன் கணக்கு ஓடாது, கணக்குல விடுற தண்ணியெல்லாம் அந்த ஓட்டை வழியாப் போயிடும். பக்கத்து வார்டோட சேர்த்துடு. ஒரு கிளிக்தானே."

"மேடம்," என்றாள் இசக்கி, "அந்த ஓட்டைக்குள்ள ஒரு அக்கா குடியிருக்காங்க."

மேடம் அத்தோடு போனை வைத்தார். மறுநாள் வாடகைக் கார் பிடித்து நேரிலேயே வந்துவிட்டார். சந்து முழுக்க ஒரு தடவை நடந்தார், ஜெபமணியின் ஸ்டூலில் உட்கார்ந்து கடுங்காப்பி குடித்தார், சுவரைத் தொட்டுப் பார்த்தார். நாங்கள் சுற்றி நின்றோம், ஏழும் எட்டும் சேர்ந்து கூட்டம் போட ஊரில் அந்த ஓர் இடம்தான் இருந்தது.

"மூணு வழி இருக்கு," என்றார் மேடம். "ஏழோட சேர்க்கலாம், எட்டோட சேர்க்கலாம், இல்லை இதையே தனியா ஒரு உருவமாப் போட்டு மூடலாம். எப்படிச் செஞ்சாலும் இடைவெளின்னு ஒண்ணு இருக்காது. தப்பால வந்த இடம், தப்பைத் திருத்தினதும் சுவரோட சுவரா மூடிக்குமா, நிக்குமான்னு நான் படிச்ச எந்தப் புத்தகத்துலயும் இல்ல."

வாகைமொழிக்காரர்கள் நாங்கள் எதற்கும் வாய் ஓயாதவர்கள், அன்றைக்கு ஓய்ந்துபோனோம். ஒரு பக்கம் ஊருக்கே தண்ணீர், ஒரு பக்கம் கிடுகுக் கூரைக்குக் கீழே ஒரு மிஷின். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், ஒருத்திக்காக ஊரே தவிச்சுக் கிடக்கணுமா என்று ஆரம்பித்துப் பாதியில் நின்றது. ஜெபமணி தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தவிக்க வேண்டாம். மூடு பிள்ள," என்றாள் இசக்கியிடம். "தண்ணி வரட்டும். நானும் இடுப்புல குடம் தூக்குனவதான்."

"சரிக்கா. நீங்க சாமானை எடுத்துட்டு வெளிய வாங்க, அப்புறம்..."

"நான் வரமாட்டேன்."

"யக்கா!"

"வெளிய வந்து எந்தப் படிக்குக் கீழ போயி ஒடுங்கச் சொல்லுத? பொறந்தது அப்பா வீடு, வாழ்ந்தது அவன் வீடு, கெடந்தது சித்தி மகன் வீடு. இத்தன வயசுல என் வீடுன்னு ஒரு சொல்லு என் வாயில வந்ததில்ல. இங்க வந்து நேரா நின்னுட்டேன். இனி என்னால குனிய முடியாது." அவள் குரல் உயரவேயில்லை. "ஏழோட சேக்காத. எட்டோட சேக்காத. என்னைத் தனியாப் போடு. நிக்கிறது நிக்கட்டும், மூடுறது மூடட்டும்."

இசக்கி லேப்டாப்பை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். உள்ளே ஓர் ஆளை வைத்துக்கொண்டு எப்படி அழுத்துவது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக ஜெபமணியின் பக்கத்தில் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் விரித்தாள்.

"தப்பு போட்டது நான். மூடுனா ரெண்டு பேர் மேலயும் மூடட்டும்," என்றாள்.

"ஏட்டி, கிறுக்கா உனக்கு," என்று கத்திக்கொண்டே பெனிட்டோவும் போய் அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். மேடம் ஒரு நிமிஷம் நின்றார், பிறகு புடவையைச் சுருட்டிக்கொண்டு ஸ்டூலிலேயே திரும்ப உட்கார்ந்தார்.

கிளம்பிப் போகத் திரும்பிய பரமசிவம் அண்ணாச்சி அப்படியே நின்றுவிட்டார். தம்பியைப் பார்த்தார், இந்தத் தடவை ஆகாயத்தைப் பார்க்கவில்லை.

"எலே, இது மூடிட்டுன்னா நான் உங்கூட எங்க நின்னு பேச?" என்றார். தம்பி அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்து, தானும் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சண்டை போட வந்த ஜோடிகள் உட்கார்ந்தார்கள், தேர்வுக்குப் படிக்கிறவர்கள் புத்தகத்தோடு உட்கார்ந்தார்கள், ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த பெண்கள் உட்கார்ந்தார்கள், பின்னாலிருந்து குரல் கொடுத்த ஆளும் இடம் தேடி உட்கார்ந்தான், நானும் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடக் காம்பவுண்டிலிருந்து ஊருணி வரை, உட்கார முடிந்த அகலத்தில் உட்கார்ந்தும், முடியாத அகலத்தில் ஒருக்களித்து நின்றும், வெண்டைக்காய்க்குள் விதையாக ஊர் நிறைந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இசக்கி காந்தத்தைப் போட்டாள். ஏழின் கோட்டோடு ஒட்டி இறங்கி, எட்டின் கோட்டோடு ஒட்டி ஏறி, வெள்ளையைச் சுற்றிக்கொண்டு வந்து மூடினாள். கம்ப்யூட்டர் பெயர் கேட்டது. நடுவில் இருப்பதால் ஏழரை என்று போடலாமே என்றான் பெனிட்டோ, ஏழரையா, வாயைக் கழுவு என்று சந்து முழுக்கச் சத்தம் வந்தது. இசக்கி யாரையும் கேட்காமல் ஜெபமணி என்று தட்டினாள். சேமிக்கவா என்று அது கேட்க, அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. யாருடைய தோளோ என் தோளை நெருக்கியது, அது பக்கத்தில் இருந்தவரா சுவரா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அண்ணனும் தம்பியும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் பிடித்திருந்தார்கள். ஜெபமணி மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அண்ணாச்சியின் சட்டைப்பையில் போன் அடித்தது.

சந்துக்குள் போன் அடித்து நாங்கள் கேட்டதே இல்லை. அடுத்து மேடத்தின் போன், அடுத்து பெனிட்டோவுடையது, அப்புறம் அத்தனை பேருடையதும், சினிமாப் பாட்டும் சாமி பாட்டுமாகச் சேர்ந்து அடித்தன. கூடவே அம்மன் கோவில் மைக்செட் ஒரு பக்கமிருந்தும் மாதா கோவில் மைக்செட் மறுபக்கமிருந்தும் உள்ளே வந்தன, இரண்டு வார்டுக் கொசுவும் வந்தது, என் கழுத்தில் ஒன்று கடித்தது. திரும்பிப் பார்த்தேன். சுவர் இருந்த இடத்தில் இருந்தது. எங்களுடைய ஒளிவிடம் போய்விட்டது, இனி எந்த மாமியாரிடமிருந்தும் தப்ப முடியாது, ஆனால் சந்து நின்றது.

"எங்க போயித் தொலைஞ்சீய, சோறு ஆறுதுல்லா," என்று அண்ணாச்சி மனைவி போனுக்கு வெளியே கேட்கிற அளவுக்குக் கத்தினாள்.

"இங்கதாம்ட்டி," என்றார் அண்ணாச்சி. எங்கே என்று சொல்ல வாயைத் திறந்தவர், பக்கத்தில் தம்பியையும் எதிரில் மிஷினையும் பார்த்தார். "ஜெபமணி வீட்ல இருக்கேன்."

"சார், நான் ஃபீல்டுலதான்," என்று மேடம் யாரோ பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஜெபமணின்னு ஒருத்தங்க, அவங்க வீட்ல இருக்கேன்."

"யம்மா, சாப்பிட்டேன்மா. ஜெபமணி அக்கா வீட்ல," என்றான் பெனிட்டோ. தம்பி தன் மகனிடம், ஜெபமணி வீட்லதாம்டே, வாரேன் என்றார். புத்தகக்காரர்கள் சொன்னார்கள், ஜோடிகள் அவரவர் மாமியாரிடம் சொன்னார்கள், ஊருணிப் பக்கம் ஒருக்களித்து நின்றவர்கள்வரை சொன்னார்கள். என் மனைவியும் கூப்பிட்டாள், நானும் சொன்னேன்: ஜெபமணி வீட்ல.

யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. சந்து என்கிற சொல் எங்களுக்கு அந்த நேரத்தில் வாயில் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஆண் குரலும் பெண் குரலுமாக, தன் பெயரையும் வீடு என்கிற சொல்லையும் சேர்த்துச் சேர்த்து ஊர் சொல்வதை ஜெபமணி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு மட்டும் போன் வரவில்லை, கூப்பிட ஆள் இல்லை. அவள் அழுதாள். சத்தமில்லாமல், துடைக்காமல், ஒவ்வொருவர் சொல்லி முடிக்கும்போதும் அவரவர் பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு அழுதாள். இசக்கி அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

போன்கள் ஓய்ந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு சுற்றுக் கடுங்காப்பி கிடைக்குமா என்றுகூட ஒருவர் கேட்டார். ஜெபமணி மூக்கைச் சிந்திவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்தாள்.

"சரி, எல்லாரும் எந்திரிங்க, கிளம்புங்க," என்றாள். "நான் என் வீட்டைப் பெருக்கணும்."